குப்பைப் பையில் இருந்த ஊசி

காளவாசல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டைச் சுத்தம் செய்யும் அக்கா மேலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருநாள் காலை குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை உதறினார். மெல்லிய கையுறையைத் துளைத்து ஒரு ஊசி கட்டைவிரலில் ஏறியிருந்தது.

“வெளிய சொல்லிராதீக சிஸ்டர். வேலையை விட்டு நிப்பாட்டிருவாக.”

விரலைப் பிதுக்கி ரத்தம் எடுக்கப் போனவரை, அது கூடாதென்று தடுத்து, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். யாருக்குப் போட்ட ஊசியோ, தெரியாது. அதைப் பையில் போட்டது நானாகவும் இருக்கலாம். கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். நான்கு வாரம். குமட்டலோடுதான் அக்கா வேலைக்கு வந்தார்.

நடந்ததை எழுதித் தரும்போது, “பணியாளரின் கவனக்குறைவுன்னு போட்டுரும்மா” என்றார் மேற்பார்வையாளர்.

“பையில ஊசியப் போட்டது அவங்க இல்லையே மேடம்.”

பயன்படுத்திய ஊசிகளைப் போடும் பெட்டி வார்டின் கடைசி மூலையில் இருக்கிறது, அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பி நானும் பலமுறை ஊசியைத் தட்டிலேயே விட்டிருக்கிறேன், அது பஞ்சோடு சேர்ந்து குப்பைப் பைக்குப் போயிருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் எங்கள் வார்டு நர்ஸுகள் எல்லாரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தலைமை டாக்டர் கூட்டம் போட்டார். பின்னால் நின்ற அக்கா, யாரும் கேட்காமலே பேசினார்.

“சார், ஊசி போடுறவுகளே அதப் பெட்டியில போடணும். நாங்க பையைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டா அள்ள முடியும்? அம்புட்டுத்தான்.”

“நீங்க சொல்றது சரிம்மா. நானும் அந்தத் தப்பப் பண்ணியிருக்கேன்” என்றார் டாக்டர்.

அந்த வாரமே ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் ஒரு பெட்டி வந்தது. துப்புரவுக்காரர்களுக்குத் தடித்த கையுறை வந்தது. சில மாதம் கழித்து, கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது, அக்கா வார்டு வராந்தாவிலேயே என்னைக் கட்டிப்பிடித்துச் சத்தமாகச் சிரித்தார். படுக்கையில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கு முதல் நாள் பாடம் அவர்தான் எடுக்கிறார். போன வாரம் ஒரு இளம் டாக்டர், போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டப் போனார்.

“தம்பி, மூடாதீக! கையில குத்திரும். அப்படியே பெட்டியில போடுங்க.”

“சரிங்கக்கா” என்று போட்டார்.