கோசெக் வட்டமும் என் சப்பாத்து நாடாவும்

என் மனைவி புஷ்பத்துக்கு ஜேர்மனியில், ஹம் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை. மார்கழியில் இருட்டில் போவாள், இருட்டில் வருவாள். ஆகக் குறுகிய பகலில் சூரியன் விழுவதை ஒருதரமாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. 2008 மார்கழி (டிசம்பர்) 21, ஞாயிறு, லீவு கிடைத்தது. எனக்கோ இரவு வேலை முடிந்த அலுப்பு. உடுப்பு மாற்றாமலே கிளம்பினேன்.

காலை ஐந்தரை ரயில். மலிவுச் சீட்டு என்பதால் மெதுவான வண்டிகள்தான். காசலில் மாறி, ஹாலேயில் மாறி, வைசன்பெல்ஸில் இறங்கப் பிற்பகல் இரண்டரை. அங்கிருந்து கோசெக் கிராமத்துக்கு டாக்சியில் பத்துக் கிலோமீற்றர்.

"இந்த முகிலில் ஒன்றும் தெரியாது," என்றார் சாரதி. புஷ்பத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"உம்மட மீன் றோல்ஸ் பெட்டியைத் திறவும். மணத்துக்குச் சூரியன் வெளியில வரும்," என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

சாலே ஆற்றுக்கு மேலே மேட்டு வயலில் மரக்கட்டைகளை இரண்டு வட்டமாக நட்டிருக்கிறார்கள். எழுபத்தைந்து மீற்றர் அகலம். ஏழாயிரம் வருசத்துக்கு முந்தி இங்கே சனம் கூடிச் சடங்கு செய்ததாம். அதே இடத்தில் கட்டைகளைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் நின்றால், இன்றைக்குச் சூரியன் தென்மேற்கு வாசலுக்குள் விழும்.

நாங்கள் வடக்கு வாசலால் போனோம். வாசலில் புஷ்பம் சப்பாத்தைக் கழற்றினாள்.

"என்னப்பா இது? நிலம் உறைஞ்சு கிடக்கு!"

"கும்பிட்ட இடத்துக்குள்ள சப்பாத்தோட போறதோ? நீங்களும் கழட்டுங்கோ."

"ஆர் சாமியெண்டே தெரியாது."

"ஆரா இருந்தாலென்ன?"

அவளுடையது ஸிப் வைத்தது. காலுறையோடு உள்ளே போய்விட்டாள். என்னுடையது தொழிற்சாலைச் சப்பாத்து, இரட்டை முடிச்சு, ஈரத்தில் இறுகியிருந்தது. ஒற்றைக் காலில் நான் துள்ளிக்கொண்டிருக்க, உள்ளே கூடி நின்ற சனம் "ஆ" என்றது. இரண்டாவதையும் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அதற்குள் முகில் மூடி, பழையபடி சாம்பல் வானம்.

"கண்டியளோ?"

"ஏலாமப் போச்சு. முடிச்சு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாசல் கட்டை இரண்டுக்கும் நடுவில, குங்குமம் மாதிரி இருந்துதப்பா," என்று திரும்பும் ரயிலில் நாலு தரம் சொன்னாள். ஐந்தாவது தரம் பாதியில், என் தோளில் நித்திரை. விடிந்தால் திரும்பவும் இருட்டில் வேலை.

அந்தக் காலத்துச் சனமும் எவ்வளவோ தூரம் நடந்து வந்து, முகிலை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கும். நமக்காவது ரயில்.

போகிறவர்கள் மூன்று மணிக்கே அங்கே நில்லுங்கள். நாலு மணிக்குச் சூரியன் போய்விடும். திரும்பும் டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காலுறை இன்னொரு சோடி கொண்டு போங்கள். நாடா வைத்த சப்பாத்தை வீட்டில் விட்டுவிடுங்கள்.