எட்டுச் செலவுக்கு நண்டுக்கறி

வீகன், பேகன் என்ற இரண்டையும் அம்மா கடைசி வரைக்கும் ஒரே சொல் என்றுதான் நினைத்திருந்தார். சிலர் 'வ' போடுகிறார்கள், சிலர் 'ப' போடுகிறார்கள், அவ்வளவுதான் அவருக்கு வித்தியாசம். ஒருநாள் பொறுமையாக இருந்து விளக்கினேன். ஒன்று சாப்பாடு: மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டேன், அதோடு பால், தயிர், நெய், தேனும் தொடமாட்டேன். மற்றது வழிபாடு: மண்ணையும் மரத்தையும் நிலவையும் கும்பிடுகிற ஒரு பழைய வழி. எனக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. கும்பிடுகிற மண்ணிலே நடக்கிற உயிரை அறுத்துத் தின்ன மனம் வரவில்லை என்று சொன்னேன். அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இதைத்தானே பிள்ளை நாங்கள் சைவம் எண்டுறம்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தன் சிநேகிதிகளிடம், மகள் சைவமாகிவிட்டாள் என்று பெருமை பேசியிருக்கிறார்.

சமயத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற தமிழில் அவரை என்னவென்று குறை சொல்வது? ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கோபத்தோடேயே அவரோடு ஒரு திருவிழாவுக்குப் போனேன். குடம் குடமாகப் பால் ஊற்றி அபிஷேகம் நடந்தபோது, கன்றுக்குரியதைக் கல்லுக்கு ஊற்றுகிறார்கள் என்று முணுமுணுத்தேன். அம்மா என் கையில் நறுக்கென்று கிள்ளினார். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது, "நீ மரத்தைக் கும்பிடுறாய். நான் ஏதும் சொன்னனானோ?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையில் அவர் ஒன்றும் சொன்னதில்லை. வசந்தம் தொடங்குகிற நாளில் மலைப் பூங்காவில், பனி இன்னும் முழுதாகக் கரையாத சேற்றில், எங்கள் சிறு கூட்டம் ஒரு மேப்பிள் மரத்தைச் சுற்றி நின்றபோதுதான் நான் விரதம் எடுத்தேன். அது எங்கள் வழியில் எல்லோருக்கும் விதித்த ஒன்றல்ல; அவரவர் தானாக எடுப்பது. என் வாய்க்காக ஓர் உயிரும் சாகாது, என் கையாலும் சாகாது என்று உரக்கச் சொன்னேன். காற்றில் மெழுகுதிரி மூன்று தரம் அணைந்தது. இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஆர்வமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பூசை முடிந்து என்ன பிரசாதம் தந்தார்கள்? பருப்புக் கேக்கும் ஆப்பிள் சாறும் என்றேன். "பாவங்கள்" என்று அவர்களுக்காக இரக்கப்பட்டார்.

அப்போது நான் கெபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒற்றை அறை வீடொன்றில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. படுக்கையில் கிடக்கிற வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிடுவேன். அரைத்த கோழியைக் கரண்டியால் அவர்கள் வாயில் வைத்திருக்கிறேன். அதைச் சமைத்தது நானில்லை, தின்பதும் நானில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோவும் பஸ்ஸும் பிடித்து அஹுன்ட்சிக்-கார்ட்டியர்விலுக்குப் போவேன். அம்மா அங்கே தம்பி குடும்பத்தோடு இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மெல்ல மெல்லத்தான் சரிக்கு வந்தது. முதலில் பருப்புக்கு மேலே நெய் மிதந்தது. நெய் போனபின் கத்தரிக்காய்ச் சம்பலுக்குள் தயிர் வந்தது. தயிர் போனபின் பாயாசத்தில் டின்பால் ஒளிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் முகத்தைத் தூக்கினேன். ஒவ்வொன்றையும் அவர் விட்டுவிட்டார். நல்லவேளை எங்கள் சமையலில் பாதிக்குமேல் தேங்காய்ப்பால். கீரை, சொதி, பலாக்கொட்டை, பூசணி என்று மேசை நிறைந்தது. அவரும் என்னோடு இருந்து அதையே சாப்பிட்டார். "எனக்கும் இதுதான் இப்ப வயித்துக்குச் சுகம்" என்பார். என் வழி அம்மாவுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். எங்கள் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டும் இருக்கிறேன்.

இலை உதிர்கிற காலத்தில் அம்மா போய்விட்டார். நீண்ட நோய் வருத்தம் ஒன்றுமில்லை. நெஞ்சில் நோகிறது என்றார், கொண்டுபோனார்கள், நான் வேலை உடுப்போடு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முகம் மூடியிருந்தது. எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் கடைசி வாய்த் தண்ணீர் வைத்திருக்கிறேன். பெற்றவளுக்கு வைக்கக் கிடைக்கவில்லை.

செத்தவீட்டுத் துடக்கு என்கிற தீட்டு நாட்களில் எங்கள் வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அதற்கு ஒரு நாள் மட்டும் விலக்கு, எட்டாம் நாள். அன்றுதான் எட்டுச் செலவு. போனவர் உயிரோடிருக்கும்போது எதையெல்லாம் ஆசைப்பட்டுத் தின்றாரோ அதையெல்லாம், மீனோ இறைச்சியோ, சமைத்துப் படைக்கவேண்டும். மனக்குறையோடு போகக்கூடாது என்பது கருத்து. எனக்கு அந்த வழக்கம் அந்நியமாகப் படவில்லை. எங்கள் கூட்டமும் ஒக்டோபர் முடிவில் இறந்தவர்களுக்கு ஒரு தட்டு வைத்து, யாரும் வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து சாப்பிடும். இறந்தவர்களுக்குப் பசிக்கும் என்று நம்புகிறவள் நான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

கர்க்லாண்டிலிருந்து சின்னம்மா, அம்மாவின் தங்கை, வந்து சமையலைப் பங்குபோட்டார். தம்பியின் மனைவி மச்சாளுக்கு மரக்கறிகள். சின்னம்மாவுக்குப் பலகாரம். மூத்த பிள்ளையான என் கையால் அம்மாவுக்கு மிகவும் விருப்பமான கறி ஒன்று போகவேண்டும் என்றார். அம்மாவுக்கு மிகவும் விருப்பமான கறி எது என்று அந்த வீட்டில் யாரும் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. தம்பி காலையிலேயே போய் வாங்கிவந்திருந்தான். குசினித் தொட்டிக்குள் வைத்த கடதாசிப் பைக்குள் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. உயிர் நண்டு. செத்த நண்டில் வைத்த கறியை அம்மா முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

நான் ஒரே பிடியாக முடியாது என்றேன். எத்தனை வருசமாகக் காத்த விரதம். அம்மா போனதோடு எனக்கு மிஞ்சியிருக்கிற பிடிமானமும் அதுதான். அதையும் கைவிட்டால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? தம்பி என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தான். "கொன்றால் பாவம் தின்றால் போகும்" என்றான். நான்தான் தின்னப்போவதில்லையே, எனக்குப் பழமொழியில் முதல் பாதி மட்டும்தானா என்று சீறினேன். அவனும் அழுதுவிட்டான். இரண்டு பேரும் தொட்டியடியில் நின்று சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதோம். பைக்குள் அதுபாட்டுக்கு உரசிக்கொண்டிருந்தது.

பிறகு எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது. அம்மாவே இதையெல்லாம் விட்டுவிட்டார்தானே, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு மரக்கறிதானே சாப்பிட்டார், அவருக்கு விருப்பமானது இப்போது அதுதானே என்று சின்னம்மாவிடம் கேட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சரியென்று பட்டது, மனமும் கொஞ்சம் லேசானது.

சின்னம்மா வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார். அரைக்கிறதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை என்றார். மச்சம் புழங்கின வீட்டில் பிள்ளை கை நனைக்கமாட்டாள், ஒருநாள் மணம் பிடித்துவிட்டால் பிறகு வராமலே விட்டுவிடுவாள் என்று அம்மா பயந்தாராம். அதனால் மச்சச் சட்டிகளை எல்லாம் கட்டிச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். தம்பிக்கும் மச்சாளுக்கும் மச்சம் வேண்டுமென்றால் வெளியில் சாப்பிடுங்கள் என்று உத்தரவாம். கர்க்லாண்டில் போய் நின்ற நாட்களிலும், உடுப்பில் மணம் ஏறிவிடும் என்று சின்னம்மா வீட்டு நண்டைத் தொடாமல் எழும்பிவிடுவாராம்.

தம்பியைப் பார்த்தேன். அவன் குனிந்துகொண்டான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் அம்மா அதை விட்டு எவ்வளவோ காலம், பிறகு ஏன் இப்போது நண்டு என்று நான் கேட்டேன்.

"கொம்மா சாப்பிடுறதைத்தான் விட்டவள் பிள்ளை" என்றார் சின்னம்மா. "விருப்பத்தை விடேல்லை."

நான் பலகணிக்குப் போய்க் குளிரில் நின்றேன். எங்கள் கூட்டத்தில் எனக்கு நெருங்கிய ஒரு கெபெக் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவள் நல்லவள். விரதம் உன்னுடையது, முடிவும் உன்னுடையது, யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அன்பாகச் சொன்னாள். மெர்ஸி என்று நன்றி சொல்லி வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் என் கரைச்சலே. அம்மா கட்டாயப்படுத்தியிருந்தால் நான் சண்டைபிடித்துத் தப்பியிருப்பேன். அவர் சத்தமில்லாமல் தன் நாக்கை எனக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

உள்ளே வந்தபோது தம்பி, "அக்கா, நான் உடைச்சுத் தாறன், நீங்கள் கறியை மட்டும் வையுங்கோ" என்றான். அது இன்னும் மோசம் என்று எனக்குப் பட்டது. யாரோ ஒருவன் கண்காணாத இடத்தில் கொன்று தர, கை கழுவிவிட்டுத் தின்கிறவர்களோடுதான் நான் இத்தனை காலமும் வாதாடினேன். அந்தத் தந்திரத்தை அம்மாவின் எட்டுச் செலவிலா செய்வது? நானே செய்கிறேன், நீ வெளியே போ என்றேன்.

எப்படிச் செய்தேன் என்று விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டேன், தமிழில்தான். வெந்நீர் ஊற்றினேன். கால்கள் அசைவது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன், கண்ணை மூடவில்லை. என் விரதத்துக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான். பிறகு ஓடு கழற்றி, கழுவி, வெங்காயமும் வெந்தயமும் தாளித்து, தூளும் புளியும் விட்டு, கடைசியில் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்டு இறக்கினேன். படைக்கிற சாப்பாட்டை முன்னுக்கு உப்புப் பார்க்கக்கூடாது. பார்க்கலாம் என்றிருந்தாலும் நான் பார்த்திருக்கமாட்டேன். கை மட்டும் அளவை மறக்கவில்லை.

பொழுதுபடும் நேரம் அம்மாவின் அறையில் வாழையிலை விரித்துப் படைத்தோம். மச்சாளின் மரக்கறிகள் சுற்றிவர இருந்தன. நண்டை நடுவில் வைக்கச் சொன்னார் சின்னம்மா. வீடு முழுக்க அந்த மணம். சாம்பிராணியையும் தள்ளிக்கொண்டு வந்தது. எனக்கு அருவருப்பு வந்தது, அதே நேரம் எட்டு நாளும் வராத ஒரு ஆறுதலும் வந்தது. ஏன் இரண்டும் ஒன்றாக வந்தன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படைத்து முடிந்தால் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடவேண்டும். ஆட்கள் நின்றால் போனவர் கூச்சப்பட்டுச் சாப்பிடமாட்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குசினிப் பக்கம் போனார்கள். நான்தான் கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கைகளைக் கழுவி முடித்தும் நகக்கண்ணில் நண்டு மணத்தது. கதவில் நெற்றியை வைத்து, உள்ளே கேட்கும்படியாகச் சொன்னேன்.

"அம்மா, ஆறுதலாச் சாப்பிடுங்கோ. நான் உள்ளுக்கு வரமாட்டன்."