அட்டை மறைத்த புள்ளி

ஒரு மனிதனின் நல்ல பல்லைப் பிடுங்க வைத்தவன் நான். அதுவும், கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில். கொலை நடந்தது ஒரு துப்பறியும் நாவலில். பல் இருந்தது கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணன் ஒருவரின், நாங்கள் ‘காக்கா’ என்று கூப்பிடுபவரின், வாயில். இரண்டுக்கும் நடுவில் தபால்தலை அளவான ஒரு எக்ஸ்ரே படமும், அதன் மூலையில் கடுகளவான ஒரு புள்ளியும் இருந்தன. அந்தப் படம் இன்றைக்கும் என் அலுமாரியில், கலியாணப் பதிவுப் பத்திரத்துக்குக் கீழே கிடக்கிறது. இரண்டையும் நான் பார்ப்பதில்லை.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்களுக்குப் பிறகு நடந்தது இது. அவர்கள் விட்டுப்போன தளபாடங்களோடு பல்லைப் படம் எடுக்கும் பழைய மெஷின் ஒன்றும் ஏலத்துக்கு வர, அதை எடுத்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் டொக்டரிடம் தள்ளிவிட்டார். துறைமுக வீதியில் சொந்தமாகப் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர் டொக்டர். நான் அவருடைய உதவியாளன். நோயாளிகளுக்குத் துண்டு எழுதுவேன், பல் பிடுங்கும் குறடை வெந்நீரில் அவிப்பேன், இருட்டறையில் படம் கழுவுவேன். திருகோணமலை வெக்கையில் படம் கழுவும் மருந்து ரசம்போலச் சூடாகிவிடும். அதனால் காலையில் மீன் சந்தைக்குப் போய் ஐஸ்கட்டி வாங்கி வந்து தொட்டியைச் சுற்றி அடுக்க வேண்டும். எங்கள் படங்கள் எல்லாவற்றிலும் இலேசாகச் சூரை மீன் மணக்கும். படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூதூரிலிருந்து ஒரு அம்மா பவுடர் பூசி, பூ வைத்து வந்திருந்தா. கழுவிய படத்தைக் காட்டியபோது, “இதில என்ர முகம் எங்க?” என்று கேட்டா. டொக்டர் சிரிக்கவில்லை. “அம்மா, இது உங்கட முகத்தைவிட உண்மையான படம்” என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

டொக்டருக்கு அப்படியொரு பிடிவாதம். அந்தக் காலத்தில் முரசு, அதாவது ஈறு, கரைந்து பல் ஆடத் தொடங்கினால் எல்லாரும் செய்தது ஒன்றுதான். விரலால் ஆட்டிப் பார்ப்பார்கள், பிடுங்கிவிடுவார்கள். “ஆட்டிப் பார்த்துப் புடுங்கிறதுக்கு டொக்டர் தேவையில்லை ஐசே, குறடு காணும்” என்பார். ‘ஐசே’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார். ஒரே அளவு ஆடும் இரண்டு பற்களில் ஒன்றின் வேர் பனங்கிழங்குபோல நீண்டு இன்னும் எலும்புக்குள் நிற்கலாம். மற்றது கட்டையாகி, பிடிப்பு விட்டு, சதையில் மட்டும் தொங்கலாம். இதை விரல் அறியாது, படம்தான் அறியும் என்பது அவருடைய கட்சி. துறைமுகத் தொழிலாளிகள், மீன்காரர், வெற்றிலை போடும் கிழவிகள் என்று முரசு நோய்க்காரர் எல்லாரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் படம் எடுப்பார். பள்ளிக்கூடக் கவராயத்தால் வேரின் நீளத்தையும் அதைப் பிடித்திருக்கும் எலும்பின் உயரத்தையும் அளந்து, ஒரு தடித்த கொப்பியில் வேரின் வடிவத்தையும் வரைந்து வைப்பார். நாலு வருட வேலை. அதைக் கட்டுரையாக்கி, கொழும்பில் பல் வைத்தியர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் வாசிப்பதென்று இருந்தார். அந்த நினைப்பில் புதிதாக ஒரு கோட்டும் தைத்து வைத்திருந்தார்.

புள்ளிக்கு வருகிறேன். அந்தச் சின்னப் படத்தின் ஒரு மூலையில் அச்சிட்டதுபோல ஒரு புள்ளி புடைத்து நிற்கும். படத்தை அட்டையில் ஒட்டும்போது அந்தப் புடைப்பு நம்மைப் பார்க்க வேண்டும். குழிந்து கிடந்தால் படம் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். நோயாளியின் வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். இதைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. “புள்ளியைப் பாரும், பிறகு ஒட்டும்” என்று டொக்டர் முதல் நாளே சொல்லித் தந்தார். நானோ கலைஞன். பிஸ்கட் பெட்டி அட்டையில் சின்னச் சின்ன ஜன்னல் வெட்டி, படத்தை உள்ளே வைத்துப் பசை பூசி, வலம் இடம் என்று முத்தாக எழுதுவேன். மூலைப் புள்ளி வெளியே தெரிந்தால் அழகு கெடுகிறது என்று ஜன்னலைக் கொஞ்சம் சிறிதாக வெட்டி அதை மறைத்துவிட்டேன். டொக்டர் ஒருமுறை முகம் சுளித்தார். பிறகு, “நீர் பார்த்து ஒட்டினால் சரி” என்று விட்டுவிட்டார். மனிதரை நம்புவது அவருடைய பலவீனம்.

கிண்ணியாக் காக்கா வீச்சுவலைக்காரர். வலை வீசுகிறவர்கள் விளிம்பின் ஒரு பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் மிச்சத்தை விசிறுவார்கள். காக்கா கவ்வுவது வலது மேல் வேட்டைப்பல்லால், அதாவது கோரைப்பல்லால். வலது, இடது இரண்டு வேட்டைப்பல்லும் ஆடத் தொடங்கியதும் அவர் ‘பாதை’ என்னும் மிதவைப் படகு ஏறி எங்களிடம் வந்தார். “டொக்டர், இந்த வலப்பக்கத்துப் பல்லுல மட்டும் கை வெச்சிராதீங்க. வலை வீசக்குள்ள இதுதான் எனக்கு மூணாவது கை” என்றார். டொக்டர் இரண்டு பல்லையும் ஒரே படத்தில் எடுத்து, மறுநாள் காலையில் வரச் சொன்னார்.

அன்று பின்னேரம் இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் நான் நாவல் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த விளக்கு படத்தைக் கெடுக்காது என்று தெரியும். ஆளைக் கெடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கொலைகாரன் பிடிபட இன்னும் பன்னிரண்டு பக்கம். நூலகத்துக்குப் புத்தகத்தை அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். காக்காவின் படத்தை மருந்தில் முக்கினேன், எடுத்தேன், தண்ணீரில் அரை மணி ஊற வேண்டியதை ஒரு அலசு அலசினேன், காய்ந்தும் காயாமலும் ஒட்டினேன். புள்ளியைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. கொலைகாரன் தோட்டக்காரன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் டொக்டர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “காக்கா, ஆடுற ஆட்டத்தில ரெண்டும் ஒண்டுதான். ஆனால் வலப்பக்கத்து வேருக்குப் பிடிப்பே இல்லை. இடப்பக்கம் பாதி வேர் எலும்புக்குள்ள நிக்குது, அதைக் காப்பாத்தலாம்” என்றார்.

“டொக்டர், இன்னொருக்காப் பாருங்க. இந்தப் பல்லால தேங்காயே உரிக்கலாம் போல கிடக்கு எனக்கு.”

டொக்டர் இன்னொருமுறை பார்த்தார். வாயை அல்ல, படத்தை. பிறகு ஊசி போட்டார்.

தானாக விழ வேண்டிய பல் விழவில்லை. டொக்டர் கதிரையின் காலில் தன் காலை முட்டுக்கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது. வந்த பல்லின் வேர் நுனியிலிருந்து பாதி தூரத்துக்கு இளஞ்சிவப்பாய்ச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. பிடிப்பு இருந்ததற்கு அதுவே சாட்சி. டொக்டர் பல்லைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“புள்ளி பார்த்தனீரோ?”

“ஓம் டொக்டர். பார்த்துத்தான் ஒட்டினனான்.”

என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதியிருக்கிறேன். எதுவும் இவ்வளவு தடையில்லாமல் வந்ததில்லை. இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போமா என்று டொக்டர் கேட்டார். காக்கா வாயைத் திறக்க மறுத்துவிட்டார்; அவரைக் குறை சொல்ல ஏலாது. அவர் போன பிறகு டொக்டர் அட்டையை என்னிடம் நீட்டி, “இதை எறியும்” என்றார். “நாலு வருஷம் நிழலை அளந்திருக்கிறன், ஐசே. உம்மில பிழை இல்லை.”

குசினிப் பக்கம் போய் அட்டையின் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். புள்ளி குழிந்து கிடந்தது. அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, டொக்டருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். மெஷினைப் படுக்கை விரிப்பால் மூடிய நாளில் சொல்லியிருக்கலாம். கொப்பியை அலுமாரிக்கு மேலே எறிந்தபோதாவது சொல்லியிருக்கலாம். முதலில் வேலை போய்விடும் என்று பயந்தேன். பிறகு, இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று பயந்தேன். டொக்டர் கொழும்புக்குப் போகவில்லை. அதன்பின் அவரும் மற்றவர்களைப்போல விரலால் ஆட்டிப் பார்த்துப் பிடுங்கினார். வாளியில் ஒவ்வொரு பல்லும் விழும் சத்தத்தில், இது நிற்கக்கூடிய பல்லோ என்று எனக்குள் கேட்கும். அவர் வேரைத் திருப்பிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். இரண்டு வருடத்தில் கடையைப் பூட்டிவிட்டுத் தன் சொந்த ஊருக்கே போய்விட்டார். கொழும்புக்காகத் தைத்த அந்தக் கோட்டை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கைகள் எனக்கு நீளம்.

காக்காவை ஒருநாள் கிண்ணியாப் பாதையில் கண்டேன். மிஞ்சியிருந்த இடது பல்லும் தானாக விழுந்துவிட்டது. இப்போது மகன்தான் வலை வீசுகிறானாம். சொல்லிவிடுவதென்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “டொக்டர் சுகமா தம்பி? பாவம் அந்த மனுசன். பல்லப் புடுங்கிப்போட்டு, பல்லுப் போனவனப் போல நிண்டாரு.” இறங்கும்போது என் கையில் ஒரு பொட்டலம் இறாலைத் திணித்தார். வாங்கிக்கொண்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.

டொக்டருக்கு நாலு மன்னிப்புக் கடிதங்கள் எழுதினேன், அனுப்பவில்லை. ஒன்றில் உவமை அதிகம். ஒன்றில் அழுகை அதிகம். ஒன்றில் என்னையறியாமல் நகைச்சுவை வந்துவிட்டது. மற்றதில் தோட்டக்காரனே கதாநாயகனாகிவிட்டான். ஐந்தாவது நல்ல நடையில் அமைந்தது. அது மேசையில் தபால் முத்திரைக்காகக் காத்துக் கிடந்த காலையில், வானொலி மரண அறிவித்தலில் டொக்டரின் பெயரை வாசித்தார்கள்.

இப்போது என் முரசே கரைகிறது. சென்ற மாதம் இங்கே புதிதாக வந்திருக்கும் பல் டொக்டரிடம் போனேன். என் மகள் வயதுப் பிள்ளை. படம் எடுத்துக் கழுவி வந்து வெளிச்சத்தில் பிடித்தா. அதே தபால்தலை அளவு. கவராயம் வேண்டாமாம், வேருக்கு எவ்வளவு பிடிப்பு மிச்சம் என்று பார்த்தபடியே சொல்லிவிடுவார்களாம். “ஆட்டிப் பார்த்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது ஐயா, வேரைப் பார்க்க வேணும்” என்று எனக்கு விளங்கப்படுத்தினா. எனக்கு ஊசி போட முன்னமே வாய் விறைத்துவிட்டது.

“புள்ளி பார்த்தனீங்களோ, பிள்ளை?” என்று கேட்டேன்.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அடுத்த முறை போகும்போது அலுமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்து, பார்க்காமலே உறையில் போட்டுக் கொண்டுபோனேன். கதிரையில் சாய்ந்தபடி, தோட்டக்காரன் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடத்தில் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளை குறுக்கே பேசாமல் கேட்டா. பிறகு அட்டையை வாங்கி, டொக்டர் பிடித்ததுபோலவே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. திருப்பிப் பார்த்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தா. நான் தீர்ப்புக்குக் காத்திருந்தேன்.

“ஐயா, இதில வலமும் தெரியேல்லை, இடமும் தெரியேல்லை. முழுக்க மஞ்சளாப் போச்சு, புள்ளி மட்டும்தான் மிச்சம்” என்றா. “நீங்கள் அண்டைக்குப் படத்தை ஒழுங்காக் கழுவவும் இல்லைப் போல.”