எல்லாப் பக்கத்திலும் புலி

போன வாரம் கொழும்புக்கு பஸ் ஏறினேன். மடியில் ஒரு கட்டு ட்ரேசிங் தாள், அச்சுக்குத் தயாரான பக்கங்கள். எங்கள் பலாங்கொடை ஐயப்ப பக்தர்கள் வெளியிடும் மண்டல பூஜை மலர், அச்சகத்துக்குப் போகிறது. மலர்க்குழுவில் சிங்களம் சரளமாகப் பேசுகிறவனும் வேலைவெட்டி இல்லாதவனும் நான்தான் என்று எல்லோருமாக முடிவுகட்டி என்னை அனுப்பிவிட்டார்கள்.

மலரை கம்ப்யூட்டரில் அமைத்தவர் பஜாரில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். பெயர் வேண்டாமே... தங்கச்சி என்று வைத்துக்கொள்வோம். நான் கூப்பிடுவதும் அப்படித்தான்.

கெட்டிக்காரி. வாழ்த்துரைக்கு ஒரு ஃபைல், கட்டுரைக்கு ஒரு ஃபைல், விளம்பரத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்து, கடைசியில் ஒரே புத்தகமாகக் கோத்துவிடுவார். அடிக்கடி தேவைப்படும் படங்கள், பார்டர், பூவேலை எல்லாம் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் 'லைப்ரரி' என்ற பெட்டிக்குள் தயாராக இருக்கும். எடுத்துப் போட வேண்டியதுதான்.

புரூஃப் எல்லாம் பார்த்து முடிந்தபிறகு, பக்க எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அலங்காரம் இருந்தால் நன்றாயிருக்கும் என்றேன். அதற்கென்ன என்றார்.

"மாஸ்டர் பேஜ்ல ஒரு தடவ வச்சா போதும்ண்ணே. எல்லாப் பக்கத்துலயும் தானா வந்துரும்."

என்ன வைத்தார் என்று பார்க்க நேரமில்லை. கட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

இரத்தினபுரி தாண்டியதும் பொழுது போகாமல் கட்டைப் பிரித்தேன். முதல் தாளின் மூலையில் ஒரு புலி. அடுத்த தாளிலும் புலி. அதற்கடுத்ததிலும்...

ஐயப்பனின் வாகனம் புலி. அதில் தப்பே இல்லை. ஆனால் மூலையில் இடம் போதாதென்று தங்கச்சி ஐயப்பனை இறக்கிவிட்டு, புலியை மட்டும் வைத்திருக்கிறார். சுவாமி அட்டையில் இருக்கிறார். அட்டையோ கலர் வேலைக்காக முதலிலேயே கொழும்புக்குப் போய்விட்டது. இந்த யுத்த காலத்தில் ஒரு தமிழன் மடியில் தமிழ் எழுத்து நிறைந்த தாள்கள் — தாளுக்கு ஒரு புலி!

கொழும்புக்குள் நுழையும் முன்னால் செக்பொயின்ட் இருக்கிறது. நடுவழியில் இறங்கிவிடலாமா? ஜன்னல் வழியாக வீசிவிடலாமா? யாராவது பார்த்தால் தொலைந்தேன். தங்கச்சிக்குப் போன் போடலாம் என்றால், இத்தனை பேர் காது கேட்க அந்த மிருகத்தின் பெயரை எந்த மொழியில் சொல்வது? மூன்று மொழியிலும் எல்லோருக்கும் தெரியுமே! போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஐயப்பனைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் கட்டைப் பிரித்தார். புரட்டினார். நிறுத்தினார். மறுபடி புரட்டினார். இது கோயில் புத்தகம், அது ஐயப்பன் தெய்யோவின் வாகனம் என்று சிங்களத்தில் சொன்னேன். பாதிதான் வெளியே வந்தது.

"தெய்யோ கோ?" என்றார் அவர்.

கடவுள் எங்கே? நியாயமான கேள்விதான். அட்டையில் என்றேன். அட்டை எங்கே என்றார். கொழும்பில் என்றேன். அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். இது ஏன் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது என்று கேட்டார்.

பயத்தில் மனுஷனுக்கு உண்மைதான் வாயில் வரும் போலிருக்கிறது. தங்கச்சி சொன்னதை அப்படியே சிங்களத்தில் ஒப்பித்தேன்: "ஒரு இடத்தில் வைத்தால் போதும் சேர். எல்லா இடத்திலும் தானாக வந்துவிடும்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

அதிகாரி என் பெயர், விலாசம் எழுதிக்கொண்டார். கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். போகலாம் என்றார்.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அலங்காரம் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மாஸ்டர் பேஜில் ஒரு தட்டு தட்டினார். அத்தனை பக்கத்திலும் போயே போய்விட்டது. என்ன வசதி பாருங்கள்! வந்த வேகத்தைவிடப் போன வேகம் அதிகம்.

ஆனால் சட்டைப் பைக்குள் போன தாளை எந்தப் பட்டனைத் தட்டி அழிப்பது?

புதுத் தாள்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்தபிறகு, பழைய தாள்களைக் கொளுத்துவதற்கு முன் பக்க வரிசைப்படி பார்த்தேன். இல்லாமல் போயிருந்தது கடைசிப் பக்கம். நன்றியுரை. அதற்குக் கீழே, பக்க வடிவமைப்பு என்று போட்டு, தங்கச்சியின் முழுப் பெயரும் கடை விலாசமும் போன் நம்பரும்.

ஊருக்கு வந்தும் அவரிடம் சொல்ல முடியவில்லை. தினமும் கடைக்குப் போகிறேன். வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. இன்று காலையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் டீ கொண்டுவந்து வைத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

என் கையெழுத்து பத்திரிகைக்காரர்களுக்கு விளங்காது. வாராவாரம் இந்தப் பத்தியை டைப் செய்து அனுப்புவதும் அவர்தான்.

தங்கச்சி, இந்த வரிக்கு வந்துட்டீங்களா? மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம், கடையச் சாத்திட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுங்க.