பெரியப்பா கண்ணு

எங்கள் வீட்டில் தங்கச்சிக்கு அம்மாவின் மூக்கும் அப்பாவின் கோபமும் வந்தன. எனக்கு வந்தது பெரியப்பா கண். பொழுது சாய்ந்தால் போதும், நடுவழியில் நிறுத்தியிருக்கிற சைக்கிள்கூட எனக்குத் தெரியாது. மோதி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தால், "பெரியப்பா கண்ணு அப்படியே வந்திருக்குது இவனுக்கு" என்று அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வருவாள். தெருவில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் ஆராய்ந்து சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் ஆராய்வார்கள்?

பெரியப்பா களிமண் லாரி ஓட்டியவர். விருத்தாசலத்து சூளைகளுக்கு மண் கொண்டுவருகிற லாரி. பார்வை மங்கியதும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரு சந்துதான். விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வருவார். நான் இந்தப் பக்கமிருந்து தடவிக்கொண்டு போவேன். நடுவில் முட்டிக்கொள்வோம்.

"எந்தக் குருடன்டா அது?"

"இன்னொரு குருடன் பெரியப்பா."

சந்தே அதிரும்படி சிரிப்பார். மற்றவர்களுக்கு அது பரிதாபமாக இருந்திருக்கும். எனக்கு அந்த வயதில் அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. என்னைப் போலவே இன்னொரு ஆள் இருக்கிறார், அவரும் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் இறந்துபோன பிறகு சந்தில் நடக்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

படிப்பு முடிந்து ஒரு பீங்கான் யூனிட்டில் சேர்ந்தேன். மின்சாரப் பெட்டியில் ஃப்யூஸ் கம்பி மாட்டுகிற பீங்கான் கேரியர்கள் சூளையிலிருந்து வெளியே வந்ததும் விரிசல் பார்த்துப் பிரிக்கிற வேலை. வருஷம் போகப் போகப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும்தான் தெரியும். கண்ணை நம்ப முடியாமல் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதால் கேட்டுப் பிரிக்கிறேன். விரிசல் விட்டது மொட்டையாகச் சத்தம் கொடுக்கும்.

அதே யூனிட்டில் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. ஷிஃப்ட் முடிந்து இருட்டினால், கேட்டில் எனக்காக நின்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடப்பாள். பள்ளம் வந்தால் "பள்ளம்" என்பாள், மேடு வந்தால் "மேடு" என்பாள். வழியெல்லாம் அவ்வளவுதான் பேச்சு. அதிலேயே எனக்கு எல்லாம் இருந்தது. அவள் வீட்டில் என்னைப் பற்றி விசாரித்தார்கள், சம்மதம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

"காரணத்தச் சொல்லுங்க, போயிடுறேன்" என்றாள்.

"எங்க பெரியப்பா கண்ணு எனக்கு வந்திருக்குது. எங்கிட்டேருந்து பிள்ளைக்கு வரும். அதுவும் இப்படிச் சுவரத் தடவணுமா?"

"தடவட்டுமே, நான் கையப் புடிச்சிக்கிட்டுப் போறேன்" என்றாள். நான் வேண்டாம் என்றே சொல்லிவிட்டுத் தனியாக நடந்தேன். மறுவருஷம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. இப்போது திருப்பூரில் இருப்பதாகக் கேள்வி. நான் வாடகைக்கு ஒரு போர்ஷன் எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் வந்துவிட்டேன். அப்பா காலமான பிறகு அம்மா பெண்ணாடத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். ராத்திரி ரயில் அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். என் வீட்டில் இன்னொரு தட்டு எடுத்ததில்லை. தனியாக இருக்கிறேனே என்று தோன்றும்போதெல்லாம், ஒரு பிள்ளையை இருட்டில் தள்ளாமல் விட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். அது ஒன்றுதான் பிடிமானம்.

இந்த வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், என்னுடையது பரம்பரையாக வருகிற விழித்திரை நோய் என்று சொல்லி, குடும்பப் படம் வரைய வேண்டும் என்றார்கள். வரைந்தது ஒரு சின்னப் பெண். டாக்டருக்கு உதவியாக, பரம்பரை நோய் பற்றி விளக்குவதுதான் அவள் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கறுப்பு என்று சொல்லிக்கொண்டே பென்சிலால் போட்டாள். என் கட்டத்தைக் கறுப்பாக்கி, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டாள். விசாரணை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதற்கான அடையாளமாம்.

"வேற யாருக்கு சார் இருந்துச்சு?"

"பெரியப்பாவுக்கு."

மேலே ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கினாள். "உங்க வைஃப் சொந்தமா, வெளியா?"

"வைஃப் இல்லீங்க."

என் கட்டத்துக்குக் கீழே ஒரு குட்டிக் கோடு இழுத்து அதன் அடியில் குறுக்காக ஒரு கோடு வைத்தாள். அது என்ன என்று நான் கேட்கவில்லை. குழந்தைகள் இல்லை என்பதைத் தவிர வேறு என்னவாக இருக்கும்?

பிறகு போட்டதையெல்லாம் சரிபார்க்க வாசித்தாள். "அப்பாவோட அண்ணனுக்குக் கண்ணு தெரியாது..."

"அப்பாவுக்கு ஏதுங்க அண்ணன்? அவர்தான் வூட்டுக்கு ஒரே ஆம்பள."

"பெரியப்பான்னு சொன்னீங்களே?"

"பெரியம்மா வூட்டுக்காரருங்க. எங்கம்மாவோட அக்காவக் கட்டினவரு."

"அவங்க சொந்தத்துல கட்டினாங்களா?"

"இல்லீங்க. அவரு சேலம் பக்கம். லாரி ஓட்ட வந்தவரு."

பென்சில் நின்றது. ரப்பரை எடுத்து அந்தக் கட்டத்தைச் சுத்தமாக அழித்தாள். தாளில் அம்மா பக்கமாக, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் வேறொரு கட்டம் போட்டாள். அதைக் கறுப்பாக்கவில்லை.

"இவரு உங்களுக்கு ரத்த சம்பந்தமே இல்லீங்களே சார். சர்க்கரை இருந்துச்சா அவருக்கு?"

இருந்தது. கால் விரலைக்கூட எடுத்தார்கள். சர்க்கரையால் போன கண்ணாக இருக்கும் என்றாள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ரத்த சம்பந்தம் இல்லையா? அவரு தோள்மேல வளந்தவனுங்க நானு" என்று சத்தம் போட்டேன். பாவம், அவள் பயந்துவிட்டாள். பெரியப்பா என்ற சொல்லுக்குள்ளேயே அப்பா இருக்கிறார். அவர் எந்த வழியில் பெரியப்பா என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஒருநாளும் யோசித்ததில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் படித்த நானும்தான்.

"அப்பா அம்மா சொந்தமா சார்?" என்றாள் மெதுவாக.

"அப்பா எங்கம்மாவுக்குத் தாய்மாமன்."

அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்த கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு இழுத்தாள். சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடாம். நோய்க்கான கூறு அப்பாவிடமும் இருந்திருக்கும், அம்மாவிடமும் இருந்திருக்கும், ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது, இரண்டும் சேர்ந்து உங்களுக்கு வந்திருக்கும் என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லுவோம் என்றாள். முடிவு வந்ததும் மறுபடி போனேன். அவள் சொன்னபடியேதான் இருந்தது.

"எனக்குப் பிள்ளை பொறந்திருந்தா?" என்று கேட்டேன்.

"சொந்தத்துல கட்டாம வெளியில கட்டியிருந்தீங்கன்னா, பிள்ளைக்கு இந்த நோய் வர்றதுக்கு அநேகமா வாய்ப்பே இல்லீங்க சார்."

நல்ல செய்தி சொல்லும் முகத்தோடுதான் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். போனது கையைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்றவள் மட்டுமல்ல, பெரியப்பாவும் போய்விட்டார். இருட்டில் எனக்கு இருந்த ஒரே கூட்டாளியையும் அந்தப் பெண் ரப்பர் வைத்து அழித்துவிட்டாளே. யார்மேல் கோபப்படுவது? அம்மாவை மாமனுக்குத்தான் என்று தொட்டிலில் கிடந்தபோதே முடிவு செய்துவிட்டார்கள். அவளை யார் கேட்டார்கள்? தங்கச்சி வெளியில் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் பிள்ளைகளுக்குச் சொந்தத்தில் பார்க்காதே என்று அவளிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அம்மாவிடம் எதைச் சொல்வது?

விருத்தாசலத்தில் இறங்கியபோது பொழுது போயிருந்தது. அம்மாதான் போன் செய்தாள்.

"என்னாடா சொன்னாங்க? எங்கேருந்து வந்துதாம் அது?"

தன்னிடமிருந்தும் வந்தது என்று தெரிந்தால், இந்த வயதில், ஒவ்வொரு முறை நான் தடுக்கி விழுந்ததையும் அவள் எண்ணிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது எனக்கு வேண்டாம்.

"பெரியப்பா கண்ணுதானாம்மா."

"நான்தான் அப்பவே சொன்னேனே. நம்ம வம்சத்துல யாருக்கும் இது கெடையாதுடா."

"ஆமாம்மா."

இருட்டிப்போச்சு, பார்த்துப் போ என்று சொல்லி வைத்துவிட்டாள். கடைகளைத் தாண்டியதும் தெருவிளக்கு இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். வீடு வரைக்கும் யாரும் எதிரே வந்து முட்டவில்லை.