ஜெபம் வேண்டாம் என்றவள்

கணவர் போன பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நான் ஒருத்திதான். பிள்ளைகள் வெளிநாட்டில். ஒருநாள் காலை சபைப் போதகர் போன் செய்தார். "ஹலோ" சொல்ல வாயைத் திறந்தேன், குரல் எழும்பாமல் கரகரத்து உடைந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து யாரிடமும் நான் பேசியிருக்கவில்லை. "ஏன் சிஸ்டர் அழறீங்க?" என்று பதறிவிட்டார். நான் அழவில்லை.

துக்க வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் உடன் இருப்பது சபையில் என் ஊழியம். குரலே இல்லாமல் எப்படிப் போவது? அன்றிலிருந்து விடிந்ததும் வேதத்தைச் சத்தமாக வாசிப்பேன். ஜெபமும் வாய்விட்டுத்தான். பல நாள் சுவரோடு பேசுவதுபோல இருக்கும். மனம் இளகும் நாளில் மட்டும் ஜெபித்தால், அடுத்தவர் வீட்டில் இடி விழும் நாளில் வெறுங்கையோடு நிற்பேனே என்ற பயத்தில் விடாமல் செய்தேன்.

அப்படி வறண்டுபோன ஒரு காலையில் போதகர் மறுபடி கூப்பிட்டார். செந்தூல் ஃபிளாட்டில் ஓர் இளம் தம்பதி. நிறைமாதக் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்திருந்தது.

"நானும் அவ ஹஸ்பண்டும் அடக்கத்துக்குப் போறோம். அவங்கம்மா ஈப்போலேர்ந்து வந்துக்கிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் கூட இருங்க சிஸ்டர்."

கொமியூட்டர் ரயிலில் போகும்போது, "ஆண்டவரே, என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

நான் போனதும் கணவன் கிளம்பினான். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஜெபம் பண்ணாதீங்க ஆன்டி. இன்னிக்கு வேணாம்."

"சரிம்மா. பண்ணல."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். திடீரென்று அவள் குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். டீ-சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது.

"பால் வருது ஆன்டி. யாருக்கு வருது இது?"

ஆறுதலுக்கென்று நான் மனப்பாடம் செய்திருந்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள் என்பதுதான் நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கீழே ஓடினேன்.

"கோயிலுக்கா அக்கா, தலைக்கா?" என்று பூக்கடைக்காரர் சிரித்தபடி கேட்டார்.

"நெருக்கமா கட்டினதா குடுங்கண்ணே" என்றேன்.

பூவை வைத்து, பழைய துப்பட்டாவால் இறுக்காமல் கட்டிவிட்டேன். கட்டும்போதே அவள் என் தோளில் சாய்ந்து சத்தமாக அழ ஆரம்பித்தாள். அம்மா வந்து சேரும்வரை அழுதாள். சொன்ன சொல்லை மீறாமல், அவளுக்காக நான் ஜெபிக்காமலேயே புறப்பட்டேன். வாய்விட்டு ஜெபிக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது என் சேலையிலும் மல்லிகை வாசம். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு இடத்தில் பேசக்கூடாது. கணவர் இருந்தபோது அவரிடமும் சொன்னதில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேநீர் கலக்கி வைப்பார். அன்று சேலையை மாற்றாமலே சமையலறையில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

சில மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் எதிரே அவளும் கணவனும் வந்தார்கள். உடம்பு தேறியிருந்தாள். கணவன் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் சுருக்கென்றது. அப்புறம் புரிந்தது. என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும். அவர்கள் தாண்டிப் போகட்டும் என்று பக்கத்துக் கடைக்குள் ஏறிவிட்டேன்.

"வாங்கக்கா, என்ன பார்க்கிறீங்க?"

"ஏதாவது காட்டுங்கண்ணே."

கடைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனார். நான் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் குனிந்து, அவள் பெயரைச் சொல்லி மனதுக்குள் ஜெபித்தேன்.