என் கிற்றார் கேட்ட நான்கு ஆட்டங்கள்

பதினான்கு வருடம் நான் கலியாண வீடுகளில் கிற்றார் வாசித்தேன். அதற்குச் சாட்சி என் இடக்கை விரல் நுனிகளில் இருந்த காய்ப்பு மட்டும்தான். கேட்டவர்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

போர்த்துக்கீசர் வழிவந்த எங்கள் பறங்கியர் கலியாணம் என்றால் காலையில் கோயில், மத்தியானம் சாப்பாடு, அதன்பிறகு பொழுது படும்வரை ஆட்டம். பலகைத் தரையில் முப்பது சோடிச் சப்பாத்துக் கால்கள் ஒன்றாக இறங்கும். வயலின் அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி நிற்கும். மேளம் சத்தத்தோடு சத்தமாகப் போகும். கிற்றார் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். மாட்டுக் கொம்பில் சீவிய ஒரு துண்டால் கம்பிகளை நான் அடிப்பதைப் பார்த்தவர்கள், தேங்காய் துருவுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்காரர் முதல் கிளாஸை வயலின்காரர் கையில் கொடுப்பார். ஒருமுறை ஏறாவூர்ப் பக்கத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீயும் வாசிச்ச நீயா?" என்று கேட்டார். அவர் கேலி செய்திருந்தால் பொறுத்திருப்பேன். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

அந்த வயலின்காரர் என் அண்ணன். அவருக்குக் கொல்லுப் பட்டறை. வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை அடிப்பது தொழில். நான் ஓடாவி, அதாவது தச்சன். வீட்டில் நாங்கள் பறங்கிப் பாஷை பேசினாலும் தொழிலும் கோபமும் எங்களுக்குத் தமிழில்தான் வரும். அண்ணனுக்கும் எனக்கும் இடையில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் இருந்தபடியால் தமிழிலேயே பேசிக்கொண்டோம்.

அவரிடம் எனக்கு இரண்டு குறை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். பெயர் எடுத்த மனிதர், தலைக்கனம் என்று நான் வைத்துக்கொண்டேன். மற்றது, வாசிக்க உட்கார்ந்தால் தன் முழங்காலைக் கொண்டுவந்து என் கிற்றாரின் பக்கப் பலகையில் முட்டுக் கொடுத்துக்கொள்வார். நான் கதிரையைத் தள்ளிப் போட்டால் அவரும் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வருவார்.

"இவ்வளவு இடம் கிடக்கு. எனக்கு மேலயா இரிக்கணும்?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் வராது. முழங்காலும் போகாது.

உலகச் சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன சாமான்கள் சந்தைக்கு வந்தன. டவுனில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த காத்தான்குடிக்காரர் ஒருவர் ஒரு கூடை நிறைய வால்வுகள் வாங்கி வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கடைக்கு ஒரு அலுமாரி செய்து கொடுத்துக்கொண்டிருந்தபோது என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "கிற்றார்ச் சத்தத்தப் பெருசாக்க ஒரு அம்பிளிபயர் செஞ்சி தாறன். பெட்டிய மட்டும் நீங்க அடிச்சிக்கொண்டு வாங்க, ஓடாவியார்" என்றார்.

பெட்டியை முதிரைப் பலகையில் செய்தேன். பின்பக்கத்தைத் திறந்து விடும்படி காக்கா சொல்லியிருந்தார். முதுகில்லாத பெட்டியைச் செய்து கொடுத்தால் ஒரு தச்சனுக்கு என்ன மரியாதை? பின்பலகை ஒன்றைக் காற்றுப் புகாதபடி இழைத்துப் பொருத்தி, உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்துக் கொண்டுபோனேன். காக்கா பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியை உள்ளே எடுத்து வைத்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டி தயாரானது. லொறிப் பற்றறி ஒன்றில் இணைத்து சுவிச்சைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியை மீட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. காக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"பொறுங்க. வால்வு சூடாகணும்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. முன்பக்கத் துணி வழியாக மங்கலாகச் சிவப்பு தெரிந்தது. ஐம்பது சதக் காசு அளவில் ஒரு மைக்; அதைத் தேன்மெழுகால் கிற்றாரின் வயிற்றில் ஒட்டியிருந்தார். நான் மெதுவாக ஒரு கம்பியைத் தொட்டேன். சத்தம் என் மடியிலிருந்து வரவில்லை, மூலையிலிருந்து வந்தது. யார் வாசிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். காக்கா சிரித்தார்.

அடுத்ததாக எனக்கு வந்தது வெட்கம். விரல் கம்பியில் இழுபடும் கீச்சுச் சத்தம், சட்டைப் பொத்தான் பலகையில் உரசுவது, சரியாக அழுத்தாத கம்பியின் செத்த ஒலி எல்லாம் வெளியே வந்தன. பதினான்கு வருடமாக இவ்வளவு அழுக்காகவா வாசித்தேன்? கொம்புத் துண்டால் வழக்கம்போல ஓங்கி ஒரு அடி அடித்தேன். பெட்டி மாடு மாதிரி உறுமியது. மெதுவாக அடித்தால்தான் அது பாடும் என்று விளங்க அரைமணி நேரம் பிடித்தது. அதற்குள் புது வார்னிஷ் சூடேறி மணக்கத் தொடங்கிவிட்டது. காக்கா திருப்புளியை எடுத்து என் பின்பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினார்.

"அழகான பலக. வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு கலியாணம். பற்றறியையும் பெட்டியையும் தோணியில் ஏற்றி, வாவியைத் தாண்டிக் கொண்டுபோனோம். அண்ணன் பெட்டியைச் சுற்றிப் பார்த்து, அடுப்பு ஒன்றைப் பார்ப்பதுபோலத் தலையை ஆட்டினார். வயர் நீளம் போதாது. அதனால் நான் பெட்டிக்குப் பக்கத்தில், சுவரோரம் உட்கார வேண்டியிருந்தது. அண்ணனின் கதிரை ஐந்து முழம் தள்ளி, நடுவில். அவர் அதை இழுத்துக்கொண்டு வரப் பார்த்தார். ஆடுகிறவர்களுக்கு வழி வேண்டும் என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டார்.

முதல் ஆட்டத்தில் சனங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சப்பாத்துகளுக்கு மேலாக, மேளத்துக்கும் மேலாக, என் கிற்றார் கேட்டது. ஒரு கிழவர் ஆடுவதை நிறுத்திவிட்டுப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். அண்ணனும் வாசித்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். கலியாண வீட்டில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் வயலினில் ஒரு கம்பியின் சுருதி இறங்கிவிட்டது. புழுக்கமான நாட்களில் அப்படி நடக்கும். முறுக்காணியை ஒரு திருகு திருகினால் சரி. அண்ணன் திருகவில்லை. அதே சிரிப்போடு வாசித்துக்கொண்டு போனார். மூன்றாவது ஆட்டத்தில் அது இன்னும் இறங்கியது. ஆடிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேளம் அடித்த எங்கள் மச்சான் என்னைப் பார்த்தான். நான் கண்ணால் காட்டினேன், வாயால் சொன்னேன். அண்ணனுக்கு ஏறவில்லை.

இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார்.

"இண்டைக்குத்தான் நீ வாசிக்கிறது எனக்கு வடிவாக் கேக்குது" என்றார். "முந்தி எல்லாம் முழங்காலாலதான் புடிச்ச நான்."

அவர் ஏன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறகு கேட்டேன்: "உங்கட வயலின் உங்களுக்குக் கேக்குதா?"

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது கையில தெரியும்" என்றார்.

பட்டறைச் சம்மட்டி அவருடைய காதை எப்போதிருந்து தின்னத் தொடங்கியது என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் கலியாணங்களுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று அவர் எல்லோரிடமும் ஒளித்திருக்கிறார். தலைக்கனம் என்று நான் சொல்லித் திரிந்திருக்கிறேன். கம்பி இறங்கிக் கிடக்கிறது என்று அந்த நேரம் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

அதற்குள் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணன் களைச்சிப் போனார் போல. அவர் கொஞ்சம் இரிக்கட்டும். நீங்களும் மேளமும் போதும். சனம் உங்கட பெட்டியைத்தான் கேக்குது."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன செய்ய? கோயிலில் மணி அடித்ததுபோல இருந்தது. அண்ணனிடம் போய், சாப்பிட்டு ஆறும்படி கையால் காட்டிவிட்டு வந்து, நான்காவது ஆட்டத்தை மேளத்தோடு தனியாக வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். கைதட்டினார்கள். வீட்டுக்காரர் முதல் கிளாஸை என் கையில் கொடுத்தார்.

அண்ணன் சாப்பிடவில்லை. வயலினை அக்குளில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, தரையில் குந்தி, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தார். அவருடைய கலியாணச் சட்டை தரையில் புரண்டது. ஊரில் அவரை அப்படி யாரும் கண்டதில்லை. கிளாஸ் என் கையில் இருந்தது. குடிக்க மனம் வரவில்லை. இவரை இப்படியே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் நாளையிலிருந்து இவர் வெறும் கொல்லன்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை.

கிற்றாரிலிருந்து மைக்கை நெம்பி எடுத்தேன். மெழுகோடு கொஞ்சம் வார்னிஷும் உரிந்து வந்தது. அதை அவருடைய வயலின் வயிற்றில் வைத்து அழுத்தினேன். அவர் வில்லை இழுத்தார். பெட்டி அலறியது. அண்ணனின் முகம் மாறியது. இன்னொரு தரம் இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இறங்கிக் கிடக்கு."

"ஓம்."

"எத்தின ஆட்டம்?"

இரண்டு விரல் காட்டினேன்.

"ரெண்டு ஆட்டம் ஊருக்கு முன்னால என்னைக் கொண்டு நாற வாசிக்க வச்சிருக்காய். வாய் இரிக்கி தானே உனக்கு?" என்று நல்ல தமிழில் தொடங்கி, இங்கே எழுத முடியாத தமிழில் முடித்தார். கலியாண வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. திட்டிக்கொண்டே முறுக்காணியைத் திருகினார், காதைப் பெட்டிக்கு அருகே கொண்டுபோய்த் திருகினார், சரியானதும் வாயை மூடினார். எழும்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் என் கதிரையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்.

அவர் அன்றைக்கு வாசித்ததுபோலப் பிறகு யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. பொழுது படும்வரை ஆடினார்கள். நான் மேளக்காரனுக்குப் பக்கத்தில் நின்று, கொம்புத் துண்டால் பழையபடி ஓங்கி ஓங்கி அடித்தேன். என் கிற்றார் எனக்கே கேட்கவில்லை.

திரும்பும்போது பெட்டியை அண்ணன் தன் மடியில் வைத்துக்கொண்டார். பற்றறி என் காலடியில். நடு வாவியில் அவர் சொன்னார்: "அந்த மைக்கு எண்ட வயலின்லயே இரிக்கட்டும்."

கிற்றாரில் வார்னிஷ் உரிந்த இடத்தை விரலால் தடவினேன். "ஓம்" என்றேன், என் காலைப் பார்த்தபடி.

அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. நான் தலையை நிமிர்த்தி, இன்னொரு தரம், உரத்துச் சொன்னேன்.